பத்திரத்துக்கு இன்னொரு முடிச்சு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பரீட்சைக்குப் போய்வந்தேன். எழுதுகிற பரீட்சை இல்லை... கட்டுகிற பரீட்சை. முடிச்சுப் பரீட்சை!

முப்பத்திரண்டு வயது, எம்.எஸ்ஸி. பட்டம், எட்டு வயதில் ஒரு மகள். இத்தனையும் வைத்துக்கொண்டு கொல்கத்தாவின் டாக்குரியா லேக் கரையில், நாலு பேர் பார்க்க, கையில் கயிற்றோடு நின்றேன். உள்ளங்கை வேர்த்துக் கயிறு வழுக்கியது. கல்யாணத்தன்றுகூட நான் இப்படி நடுங்கவில்லை. அன்றைக்கு முடிச்சுப் போட வேண்டியவர் வேறு ஆள் அல்லவா?

எப்படிப் போய் மாட்டிக்கொண்டேன்? சொல்கிறேன்.

எல்லாம் என் மகள் நித்யாவால் வந்தது. லேக்கில் துடுப்புப் படகு கிளப்புகள் நிறைய உண்டு. அவற்றுக்கு அப்பால், ஒரு மூலையில், குழந்தைகளுக்குப் பாய்மரப் படகு விடக் கற்றுத்தரும் சின்ன கிளப் ஒன்றும் இருக்கிறது. ஒரு நாள் அந்தப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தோம். தண்ணீர் மேல் கைக்குட்டை அளவில் ஒரு வெள்ளைப் பாய் சாய்ந்து போனது. நித்யா நின்றுவிட்டாள்.

“மா, எனக்கு அது வேணும்.”

ஐஸ்க்ரீம் கேட்கிற அதே குரல். (‘அம்மா’ என்று கூப்பிட மாட்டாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி ‘மா’தான்.)

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே! போன மழைக்காலம் முழுக்க அவள் ஸ்கூல் பையில் இரண்டு குடை வைத்து அனுப்பினேன் — ஒன்று உடைந்தால் இன்னொன்று — என்று இதே பக்கத்தில் எழுதி, உங்களில் பலரிடம் கிண்டலும் வாங்கியவள் நான். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை, சந்தேகம் வந்து மறுபடி கொதிக்கவைக்கிறவள். எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கு இப்போதுதான் கொஞ்சம் வருகிறது. என் மகள், ஏரியில், தனியாக, பாய் கட்டிக்கொண்டு?

திருநெல்வேலியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் ‘வேண்டாம்’ என்பாள், அதையே காரணமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம்.

“ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? பொம்பளப் பிள்ளைய தண்ணிக்குள்ள விடுதேங்கெ?” என்றாள் அக்கா. எனக்கு நிம்மதி. ஆனால் அடுத்த மூச்சிலேயே, “நமக்குத்தான் ஒண்ணும் கிடைக்கல. அவளாவது போயிட்டு வரட்டும்ட்டி” என்று போனை வைத்துவிட்டாள். இவளை நம்பி எதையும் செய்ய முடியாது!

என் கணவர் ரகுவுக்கு சால்ட் லேக் பகுதியில் ஆபீஸ். மத்திய அரசு உத்தியோகம். எதற்கும் அவருடைய பதில் ஒன்றுதான். “மொதல்ல போய் விசாரி. விசாரிக்கறதுல என்ன?”

விசாரித்தேன். அங்கேதான் கதை திரும்பியது.

கிளப்பின் செக்ரட்டரி ஒல்லியான பெரியவர். எல்லோருக்கும் ‘செக்ரட்டரி பாபு’. ஒரு கையில் மண் குவளையில் டீ, மறு கையில் விதிமுறைப் புத்தகம். புதிதாகச் சேர்கிறவர்களின் படகை முதல் நாள் சும்மா விடமாட்டார்களாம். நீளமான கயிற்றில் கட்டி, கரையிலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டுதான் விடுவார்களாம். அந்த ஒருவர் அதே வீட்டு ஆளாக இருக்க வேண்டும். அவர் மூன்று முடிச்சுகள் கற்று, பரீட்சையில் பாஸ் செய்திருக்க வேண்டும்.

“வேற யாராவது பிடிச்சா ஆகாதா?” என்று கேட்டேன்.

“கயிறு பிடிக்க யாரா இருந்தாலும் போதும், பௌதி” என்றார். பௌதி என்றால் அண்ணி. இந்த ஊரில் கல்யாணமான பெண்கள் எல்லோருமே யாருக்காவது அண்ணிதான். “ஆனா முதல் நாள் குழந்தை பத்து தடவை திரும்பிப் பாக்கும். திரும்பிப் பாக்கற இடத்துல தெரிஞ்ச முகம் இருக்கணும்.”

எனக்குச் சட்டென்று அவரைப் பிடித்துப்போயிற்று.

பரீட்சைக்கு மூன்று வாரம். தவறினால் அடுத்த வருஷத்து பேட்ச். அடுத்த வருஷம் நாங்கள் கொல்கத்தாவில் இருப்போமா என்பது டெல்லியில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்குத்தான் தெரியும். ஆக, நித்யாவுக்கு இருப்பது இந்த ஒரு வாய்ப்புதான்.

ரகுவை அனுப்பலாமே என்கிறீர்களா? ஷூ லேஸை வாங்கிய அன்று ஒரு தடவை கட்டி, அது பிய்கிற வரைக்கும் அப்படியே காலை நுழைக்கிற மனிதர் அவர்!

தவிரவும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முடிச்சு என்றதும் எனக்குள் கொஞ்சம் கர்வம் எட்டிப்பார்த்தது. பத்து வருஷக் கல்யாணத்தில் இது நான்காவது ஊர். நாக்பூர், குவாஹாட்டி, விசாகப்பட்டினம், இப்போது இங்கே. ஒவ்வொரு மாற்றலுக்கும் நாற்பது அட்டைப்பெட்டி. எல்லாவற்றையும் கட்டியவள் நான். லாரியில் ஏறி, குலுங்கி, மழையில் நனைந்து வந்த பெட்டிகளில் இன்றுவரை ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. குவார்ட்டர்ஸில் யாருக்கு ஆர்டர் வந்தாலும் “ஜானகியைக் கூப்பிடு, அவ கட்டினா யமனே வந்தாலும் அவுக்க முடியாது” என்பார்கள். ஒரு கட்டு, அதன்மேல் இன்னொரு கட்டு, கடைசியில் பத்திரத்துக்கு இன்னொரு முடிச்சு. இதுதான் என் ஃபார்முலா.

இந்தத் தலைக்கனத்தோடுதான் முதல் வகுப்புக்குப் போனேன்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் படிக்கிற பெண். இருபது வயதுதான் இருக்கும். பெயர் ரிங்கு. குழந்தைகளுக்கு ‘ரிங்கு-தி’. திதி, அதாவது அக்கா, சுருங்கி ‘தி’ ஆகிவிட்டது. அவள் என்னை ‘ஆண்ட்டி’ என்றாள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இந்தக் கம்பத்துல கட்டுங்க, ஆண்ட்டி. சும்மா பாக்கலாம்” என்றாள் பெங்காலியும் இங்கிலீஷும் கலந்து.

கட்டினேன். லாரிக் கட்டு! ரிங்கு இழுத்துப் பார்த்தாள். காலைக் கம்பத்தில் உதைத்துக்கொண்டு உடம்பைச் சாய்த்து இழுத்தாள். அசையவில்லை.

“தாருண்!” என்றாள். பிரமாதமாம். நான் மற்ற அம்மா அப்பாக்களை ஒரு பார்வை பார்த்தேன்.

“எபார் குலுன்.” இப்போது அவிழுங்கள்.

அவிழ்ப்பதா?

நகத்தால் நெம்பினேன். பல்லால் கடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“கத்தி இருக்கா?”

கரையே சிரித்தது. நித்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் என்ன செய்வேன்? எங்கள் வீட்டில் எல்லா முடிச்சுக்கும் முடிவு அதுதான். புது ஊரில் லாரி வந்து நின்றதும் முதல் கேள்வியே “கத்தி எந்தப் பெட்டியில இருக்கு?” என்பதுதான். பெரும்பாலும் அதுவும் கட்டிய பெட்டிக்குள்தான் இருக்கும்!

“ஆண்ட்டி, திடீர்னு காத்து மாறுது, படகை உடனே விடணும். அப்போ கத்தி தேடுவீங்களா?” ரிங்கு சிரிக்காமல் கேட்டாள். “பிடிக்கறப்ப பிடிக்கணும், விடுன்னா விடணும். ரெண்டும் செய்யறதுக்குப் பேர்தான் முடிச்சு. நீங்க கட்டினது வெல்டிங்!”

அன்றிரவு ரகுவிடம் இதைச் சொன்னபோது அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பத்து வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் பேப்பரைக் கீழே வைத்ததில்லை.

மூன்று முடிச்சுகள். முதலாவது எட்டு முடிச்சு. கயிற்று நுனி எங்கேயும் உருவிப் போய்விடாமல் தடுப்பது. எழுதுகிற எட்டு மாதிரியே இருக்கும். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. இரண்டாவது கம்பத்தில் போடுகிற க்ளோவ் ஹிட்ச். இரண்டு சுற்று, ஒன்றின் அடியில் ஒன்று. அதுவும் இரண்டு நாளில் வந்தது. மூன்றாவது... போலைன்.

போலைன் என்னை அழவைத்தது. எவ்வளவு இழுத்தாலும் இறுகிச் சின்னதாகாத ஒரு வளையம். கயிற்றைப் படகில் மாட்டுவது இதை வைத்துத்தான். ரிங்கு ஒரு கதை வைத்திருந்தாள். கயிற்றில் ஒரு சின்னச் சுழி, அது ட்ராம் டிப்போ. கயிற்றின் நுனிதான் ட்ராம். டிப்போவிலிருந்து ட்ராம் வெளியே வருகிறது, விளக்குக் கம்பத்தைச் சுற்றுகிறது, வந்த வழியே டிப்போவுக்குள் போய்விடுகிறது. அவ்வளவுதான்!

நித்யாவின் ட்ராம் முதல் நாளே டிப்போ போய்ச் சேர்ந்தது. குழந்தைகளுக்கும் அதே பரீட்சை. அவள் முதல் வாரமே பாஸ். என் ட்ராம் மட்டும் தினம் தடம் புரண்டது.

“உஃப் மா! கம்பத்தை இந்தப் பக்கமா சுத்தணும். நீ எப்பவும் உல்ட்டா” என்பாள்.

“எதிர்ல நின்னுட்டுக் காட்டினா எனக்கு எப்படிடி புரியும்?”

“அப்போ பக்கத்துல வந்து உக்காரு. ஜோர் போட்டு இழுக்காதே. நீ ஏன் எல்லாத்தையும் ஜோர் போட்டு இழுக்கறே?” (ஜோர் என்றால் இந்த ஊரில் பலம்.)

எட்டு வயது! பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வீட்டில் துணி காயப்போடும் நைலான் கயிறு பாடப் புத்தகம் ஆனது. குக்கர் கைப்பிடி, ஃபிரிட்ஜ் கைப்பிடி, ஜன்னல் கம்பி — எதுவும் தப்பவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரகுவின் காலை நாற்காலியோடு கட்டிவிட்டு மறந்துபோய்விட்டேன். காலிங் பெல் அடித்ததும் அவர் எழுந்தார்... வேண்டாம், அதை விடுங்கள்.

ஒரு நாள் கரியாஹாட் போகிற மினி பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், முன்சீட்டுக் கம்பியில் துண்டுக் கயிற்றை வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பௌதி, பாஸ்டா பேந்தே ராக்சேன் நாகி?”

என்ன பௌதி, பஸ்ஸைக் கட்டி வைக்கப் போறீங்களா? பஸ் முழுக்கச் சிரிப்பு. வெட்கத்தில் நான் கயிற்றைப் பார்க்காமல் ஜன்னல் வெளியே பார்த்தேன். கை மட்டும் அது பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால்... போலைன்!

இழுத்தேன். நின்றது. முடிச்சின் முதுகில் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினேன். பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. மறுபடி கட்டினேன். நின்றது. தள்ளினேன். விட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது! இவ்வளவு உறுதியாகப் பிடிக்கிற ஒன்று இவ்வளவு சுலபமாக விடவும் செய்யுமா? என் வாழ்க்கையில் நான் கட்டிய எதுவும் இப்படி நடந்துகொண்டதில்லை. கரியாஹாட்டில் இறங்க மறந்து, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

செக்ரட்டரி பாபு படித்துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீ, புத்தகம், பேனா. எட்டு முடிச்சு — தலையாட்டினார். க்ளோவ் ஹிட்ச் — இழுத்தார், தலையாட்டினார். மூன்றாவதை நிஜப் படகில் கட்ட வேண்டும். நித்யா ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில், கழுத்தே தெரியாமல், தொட்டி மாதிரி இருக்கும் அந்தக் குட்டிப் படகில் உட்கார்ந்திருந்தாள். படகின் மூக்கில் ஓர் இரும்பு வளையம். அதில் போலைன் போட்டு, அவர் இழுத்துப் பார்த்து, ‘விடு’ என்றதும் அவிழ்க்க வேண்டும்.

முழங்காலிட்டு உட்கார்ந்தேன். ட்ராம் வெளியே வந்தது, கம்பத்தைச் சுற்றியது, டிப்போ போய்ச் சேர்ந்தது. சரியாக வந்துவிட்டது!

நிமிர்ந்தால்... என் கை அங்கே நிற்கவில்லை. போலைனுக்கு மேலே இறுக்கி ஒரு முடிச்சு விழுந்திருந்தது. பத்திரத்துக்கு இன்னொன்று. எப்போது போட்டேன்? தெரியாது. நாலு ஊர் மாறிய கைகள்!

செக்ரட்டரி பாபு புத்தகத்தில் என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் பார்க்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதை ரகுவிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்த முடிச்சை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. அவர் இழுப்பார், அது இறுகும், என்னால் அவிழ்க்க முடியாது. ஃபெயில். நித்யா படகைவிட்டு இறங்குவாள். என் பக்கத்தில் நிற்பாள், நனையாமல், பத்திரமாக. அம்மா விடவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா மூன்று வாரம் பாடுபட்டாள், பாவம், வரவில்லை என்பார்கள். எவ்வளவு வசதி! அக்கா செய்யத் தவறியதை ஒரு முடிச்சு செய்துகொடுக்கப் போகிறது.

நித்யாவைப் பார்த்தேன். அவள் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் வாரமே பாஸ் செய்தவள் அல்லவா? ‘மா, உல்ட்டா’ என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பரீட்சையில் பேசக் கூடாது என்பது அவள் ஸ்கூல் சொல்லிக்கொடுத்தது. முடிச்சிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

“ஒன் மினிட், சார்” என்றேன்.

இழுபடாத முடிச்சு என்பதால் நகத்துக்கு இடம் கொடுத்தது. கூடுதல் முடிச்சை அவிழ்த்தேன். போலைன் மட்டும் தனியாக நின்றது. வெறுமையாக இருந்தது பார்க்க. போதுமா? இது போதுமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் அது மறுபடி போய்விடும்!

செக்ரட்டரி பாபு காலால் படகைத் தள்ளினார். கயிறு விறைத்தது. தன் எடையெல்லாம் போட்டு இழுத்தார். வளையம் வளையமாகவே இருந்தது. கயிற்றைத் தளர்த்தினார்.

“குலுன்!”

கட்டைவிரல். ஒரு தள்ளு. அவிழ்ந்தது.

அவ்வளவு சுலபமாக அவிழும் என்று படகும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு முழம் நகர்ந்து போயிற்று. கயிறு என் கையில். படகு எதிலும் இல்லை. ரிங்கு தண்ணீரில் நின்றபடி அதைப் பிடிப்பதற்குள், அந்த மூன்று விநாடியில், நித்யா கைதட்டிச் சிரித்தாள்.

“பாஸ்” என்று எழுதினார் செக்ரட்டரி பாபு. நான் எம்.எஸ்ஸி. பாஸ் செய்தபோதுகூட யாரும் இவ்வளவு அழகாக அதை எழுதவில்லை.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? மறுபடி போலைன் போட்டேன். பாய் ஏறியது. கயிற்றை விட விட அவள் போய்க்கொண்டே இருந்தாள். காற்று பிடித்ததும் படகு ஒருக்களித்தது, என் இதயமும் கூடவே ஒருக்களித்தது. அவள் பெங்காலியில் எதையோ கத்தினாள். எனக்குப் புரியவில்லை. குரல் மட்டும் புரிந்தது. செக்ரட்டரி பாபு சொன்னது சரிதான், திரும்பிப் பார்த்தாள். ஆனால் பத்து தடவை இல்லை. எண்ணினேன். நாலே நாலு தடவை. அதற்கு வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அவளைக் கரைசேர்த்ததும் ரிங்கு என்னைப் பார்த்தாள். “வகுப்பு முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கு. பெரிய படகு சும்மாதான் நிக்குது. நீங்க வாங்க, ஆண்ட்டி. நானும் கூட ஏறறேன்.”

நானா? நீச்சல் தெரியாத நானா? ‘வேண்டாம்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். “லைஃப் ஜாக்கெட் எங்கே?” என்றது வாய்!

செக்ரட்டரி பாபு புத்தகத்தைப் புரட்டினார். புது ஆள். முதல் நாள். நீளக் கயிறு. கரையில் பரீட்சை பாஸ் செய்த வீட்டு ஆள் வேண்டும். ரகு தூரத்தில் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“நான் பாஸ்!” என்று முன்னால் வந்து நின்றாள் நித்யா.

வீட்டு ஆளுக்கு எத்தனை வயது இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை. பெரியவர் இரண்டு தடவை தேடினார். பிறகு மீசைக்குள் சிரித்துக்கொண்டு, தன் கையையும் கயிற்றில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

படகில் உட்கார்ந்து நித்யாவைப் பார்த்தேன். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஜோர் போடாமல், அழகாக போலைன் கட்டினாள். என்னைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். குனிந்து ஏதோ செய்தாள். ரிங்கு பாயை ஏற்றிவிட்டாள்.

அந்தப் பத்து நிமிஷத்தை நான் யாருக்கும் தரமாட்டேன். முகத்தில் அடித்த அந்தக் காற்று! தண்ணீர் ஒரு சாண் தூரத்தில் ஓடியது, நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை கரையைத் திரும்பிப் பார்த்தேன் தெரியுமா? பத்துக்கு மேல்.

திரும்பி வந்ததும் ரிங்கு குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். அவிழவில்லை. கட்டைவிரலால் தள்ளினாள். பல்லைக் கடித்து இழுத்தாள். செக்ரட்டரி பாபு வந்து பார்த்தார். நனைந்து, இழுபட்டு, போலைனுக்கு மேலே கல் மாதிரி இறுகிக் கிடந்தது ஒரு முடிச்சு.

எல்லோரும் நித்யாவைப் பார்த்தோம்.

“பத்திரத்துக்கு, மா” என்றாள்.

கத்தி கொண்டுவரச் சொன்னார்கள்.